புயலுக்குத் திருப்பி மாட்டிய கதவு

எம். புதுப்பட்டியில் ஏசி மாட்டிய வீடுகளைத் தேடித்தான் பார்க்க வேண்டும். அதிலும் கூலி வேலைக்குப் போகிறவர் வீடு என்றால் பாலகுருவின் வீடு ஒன்றுதான். பட்டாசுக் கம்பெனியில் லோடு ஏற்றுகிறவனுக்கு ஏசி கேட்கிறது பார் என்று ஊர் பேசியது. பெண்டாட்டியைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பார்க்கிறான் என்றும் பேசியது. பேசட்டும், வாய்க்கு வரியா போடுகிறார்கள்? பாலகுருவின் மனைவி பாண்டிச்செல்வியின் காதுக்கு எல்லாம் வந்து சேரும். வந்தால் அன்றைக்கு முழுதும் பாத்திரம் கழுவும்போது பாத்திரத்திடம் பதில் சொல்லுவாள். ஆளிடம் சொன்னதில்லை.

அவளுக்கு அது சொகுசுக்கு வாங்கியது இல்லை. பாண்டிச்செல்வி கம்பெனியில் பட்டாசுக்குள் வெடிமருந்து செலுத்துகிற அறையில் வேலை பார்த்தவள். ஒரு மழைக்காலத்தில், சாரல் அடித்து மருந்து நமத்துப்போகும் என்று கணக்கப்பிள்ளை கதவைச் சாத்தச் சொன்னார். ஆள் வேலை பார்க்கும்போது கதவைச் சாத்தக் கூடாது என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும், சொன்னவருக்கும் தெரியும். அன்றைக்கு அந்த அறை வெடித்தது, உள்ளே இருந்த மற்ற இரண்டு பெண்களும் வீடு திரும்பவில்லை. பாண்டிச்செல்வி மட்டும் முதுகும் கழுத்தும் இரண்டு கைகளும் வெந்து, மதுரைப் பெரியாஸ்பத்திரியில் மாதக்கணக்கில் கிடந்து, தொடையில் தோலெடுத்து ஒட்டிக்கொண்டு திரும்பினாள்.

ஒட்டிய தோலுக்கு வேர்க்காது. வேர்க்காத உடம்பு என்றால் கேட்க நன்றாகத்தான் இருக்கும். வேர்வை வராவிட்டால் உடம்புச் சூடு வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே நின்றுகொள்ளும். வெயில் ஏறினால் தோலுக்கடியில் செவ்வெறும்பு விட்டதுபோல் அரிக்கும், பிறகு தலை சுற்றும், பிறகு நின்ற இடத்தில் விழுவாள். குளுமையிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொன்னார். நிவாரணமாக வந்ததில் சிமெண்ட் ஷீட் போட்ட பழைய வீட்டுக்குப் பின்னால் ஒரு கான்கிரீட் அறை எழுப்பி, அதில் ஏசியை மாட்டினார்கள். மகள் கோவில்பட்டியில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். வீட்டில் இவர்கள் இரண்டு பேர்தான்.

ஏசி வந்தது. ஆனால் அந்த அறைக் கதவை ஒரு நாளும் சாத்த முடியவில்லை. பாண்டிச்செல்வி விடமாட்டாள். கதவு சாத்திய அறைக்குள் அவளால் இருக்க முடியாது. மூச்சு முட்டும், கை நடுங்கும், எழுந்து ஓடுவாள். புருஷன் சாத்தினாலும் அப்படித்தான், தானே சாத்தினாலும் அப்படித்தான். கதவைத் திறந்துபோட்டு ஒரு திரைச்சீலையைத் தொங்கவிட்டு, ஏசி இரவும் பகலும் ஓடிக்கொண்டிருக்கும். நாரணாபுரத்திலிருந்து வரும் மெக்கானிக் காளிராஜ் ஒவ்வொரு சர்வீஸுக்கும் ஒரே கேள்வியைக் கேட்பான், "ஏக்கா, நீங்க ரூமுக்கு ஏசி போட்டிருக்கீகளா, தெருவுக்குப் போட்டிருக்கீகளா?" அவள் சிரித்துக்கொண்டே காப்பி கொடுத்து அனுப்பிவிடுவாள்.

இந்த லட்சணத்தில் புயல் வந்தது.

தீபாவளி முடிந்து கம்பெனிகள் அடைத்துக் கிடந்தன. மழையெல்லாம் ஓய்ந்து பூஜை போட்டால்தான் திறப்பார்கள். பாலகுரு வீட்டில் சும்மா இருந்தான், சும்மா இருக்கிறவன் டிவி பார்ப்பான். பாம்பனுக்கும் தூத்துக்குடிக்கும் நடுவில் கரையேறி உள்நாட்டுக்குள் வருகிறது, விருதுநகர் மாவட்டத்திலும் பலத்த காற்று வீசும் என்று படம் போட்டுக் காட்டினார்கள். சூலக்கரை கலெக்டர் ஆபீஸிலிருந்து அறிவிப்பும் வந்துவிட்டது. பாலகுருவுக்கு முதலில் நினைப்புக்கு வந்தது மாடியில் இருக்கிற ஏசியின் வெளிப்பெட்டிதான். அது போனால் இவள் கதி என்ன?

தார்ப்பாய் கட்டுவதில் பாலகுருவை மிஞ்ச அந்தப் பக்கத்தில் ஆள் கிடையாது. அவன் கட்டிய லோடு பீகார் வரைக்கும் மழையில் போனாலும் ஒரு திரி நனையாது என்று கம்பெனியில் பெயர். நேரே மாடிக்கு ஏறினான். வெளிப்பெட்டியைச் சுற்றி இரட்டைத் தார்ப்பாய் போட்டு, மூலை மடித்து, கயிற்றைக் குறுக்கும் நெடுக்கும் இழுத்து, லாரியில் கட்டுவதுபோலவே கட்டிவிட்டு இறங்கினான். எறும்புகூட நுழையாது என்று அவனுக்கே பெருமை.

கீழே ஏசி ஓடிக்கொண்டிருந்தது. புயலுக்கு முந்தின நாள் அது. இலை அசையவில்லை, புழுக்கம் என்றால் அப்படி ஒரு புழுக்கம். அரை மணி ஆகியிருக்காது, குளிர்ந்த காற்று வெதுவெதுப்பாகி, மெஷின் உறுமி நின்றுபோனது. பாண்டிச்செல்வி ஈரத்துண்டைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு தரையில் படுத்துவிட்டாள். பாலகுரு காளிராஜுக்குப் போன் போட்டான்.

காளிராஜ் வந்து மாடியைப் பார்த்தவன் தலையில் கை வைத்துக்கொண்டான். உள்ளே இருக்கிற சூட்டையெல்லாம் வாங்கி வெளியே தள்ளுகிற பெட்டி இது, ஓடும்போது இதன் மூக்கையும் வாயையும் பொத்தினால் என்ன ஆகும், நல்லவேளை தானாக நின்றது, இல்லையென்றால் கம்ப்ரெஸர் வெந்திருக்கும் என்றான். லோடு கட்டுகிறவன் புத்தி லோடு கட்டத்தான் போகும் என்று கீழேயிருந்து பாண்டிச்செல்வி சொன்னது மாடிக்குக் கேட்டது. தார்ப்பாயை அவிழ்த்து, சூடு ஆறவிட்டுப் போட்டதும் மெஷின் மறுபடி ஓடியது.

வந்த கையோடு காளிராஜ் புயல் வேலையையும் பார்த்துவிட்டான். வெளிப்பெட்டி நின்ற இரும்புச் சட்டத்தில் துருப்பிடித்த போல்ட்டுகளைக் கழற்றிப் புதிது போட்டு முறுக்கினான். பெட்டியைச் சட்டத்தோடு சேர்த்துப் பட்டையால் இறுக்கினான், காற்றுப் போகும் வழியை மட்டும் விட்டுவிட்டு. மாடித் தண்ணீர் போகிற குழாயில் சருகு அடைத்திருந்ததைக் குத்தி எடுத்தான். ஏசித் தண்ணீர் வடிகிற குழாயின் வாயில் குளவி கூடு கட்டியிருந்தது, அதையும் தட்டி எடுத்தான். சுவரில் குழாய் நுழைகிற ஓட்டையைச் சுற்றிப் பூசினான். காற்று கிளம்பியதும் ஏசியை நிறுத்தி மெயினையும் இறக்கிவிட வேண்டும், புயல் போய் கரண்ட் வந்த உடனே அவசரப்பட்டுப் போட்டுவிடக் கூடாது, கரண்ட் ஒரு நிலைக்கு வரட்டும், வெளிப்பெட்டி காயட்டும், தனக்கு ஒரு போன் போட்டுவிட்டுத்தான் போட வேண்டும் என்று படித்துப் படித்துச் சொன்னான்.

இறங்கும்போது முன்வீடான பழைய வீட்டின் கூரையைப் பார்த்தான். சிமெண்ட் ஷீட்டைப் பிடித்திருந்த கொக்கிகள் பாதி ஆடிக்கொண்டிருந்தன.

"அண்ணே, காத்து வீட்டுக்குள்ள பூந்துச்சுன்னா இந்தக் கூரை நிக்காது. எல்லாக் கதவையும் அடைச்சுப்புட்டு நீங்க ரெண்டு பேரும் ஏசி ரூமுக்குள்ள இருந்துக்கோங்க. அந்தக் கதவையும் சாத்தித்தான் ஆகணும்."

சொல்லிவிட்டு அவன் பாண்டிச்செல்வியைப் பார்க்கவில்லை. பாலகுருவும் பார்க்கவில்லை. அவள் தான் வெளியே நின்றுகொள்வதாகச் சொன்னாள். வேடிக்கைக்குச் சொல்லவில்லை. கம்பெனியில் இடி இடித்தால் மருந்து அறையை விட்டு வெளியே வந்து தள்ளி நிற்க வேண்டும் என்பதுதான் அவள் சின்ன வயதிலிருந்து கற்றது. இப்போதும் இடி கேட்டால் முற்றத்துக்கு வந்துவிடுவாள், மழையில் நனைந்துகொண்டு நிற்பாள். ஆனால் புயலில் முற்றத்தில் நிற்க முடியுமா? ஷீட் பறந்து வந்து கழுத்தில் விழும். அது அவளுக்கும் தெரியாமலில்லை. தெரிந்து என்ன செய்ய, உள்ளே சாத்திக்கொண்டு உட்கார உடம்பு கேட்க வேண்டுமே.

பள்ளிக்கூடத்தில் ஊர்க்காரர்களைத் தங்க வைக்கிறார்கள் என்று பாலகுரு சொல்லிப் பார்த்தான். அத்தனை பேர் மூச்சுக்காற்றில், அத்தனை பேர் கண்ணும் தன் கழுத்தில் இருக்க, அங்கே போய் உட்கார மாட்டேன் என்றாள். எதிர்வீட்டுச் சோலையம்மாளும் சாயங்காலம் வந்து கூப்பிட்டாள். சோலையம்மாளுடையது கான்கிரீட் வீடு. ஒரு காலத்தில் இரண்டு பேரும் ஒரே வேனில் கம்பெனிக்குப் போய், அடுத்தடுத்த அறையில் வேலை பார்த்து, ஒரே தூக்குச்சட்டியில் கை வைத்துச் சாப்பிட்டவர்கள். விபத்துக்குப் பிறகு சோலையம்மாள் இந்த வீட்டுப் படி ஏறியதில்லை. வாசலில் நின்று ஒரு வார்த்தை கேட்பாள், அதையும் தெருவைப் பார்த்துக்கொண்டு கேட்பாள். ஏசி வந்த பொறாமை என்பது பாண்டிச்செல்வியின் கணக்கு. அன்றைக்கும் அப்படித்தான், எங்கள் வீட்டுக்கு வந்துவிடுங்கள் என்று தெருவிடம் சொன்னாள். இவள் வேண்டாம் என்று உள்ளேயிருந்தே சொல்லிவிட்டாள்.

காளிராஜ் கிளம்புவதற்குள் பாண்டிச்செல்வியே ஒரு வழி சொல்லியிருந்தாள்.

"இந்தக் கதவு உள்ளுக்குல்ல திறக்குது. அதைத் திருப்பி மாட்டுங்க. வெளிய தள்ளித் திறக்கணும், தாப்பா இருக்கக் கூடாது. அப்படின்னா இருக்கேன்."

கம்பெனி அறைகளில் கதவு அப்படித்தான். ஒன்று நடந்துவிட்டால் நின்று இழுத்துக்கொண்டிருக்க யாருக்கு நேரம் இருக்கும், மோதினாலே திறந்துவிட வேண்டும். மூன்று பேருக்கும் அது ரொம்பச் சரியாகப் பட்டது. காளிராஜின் அப்பாவும் கம்பெனி ஆள்தான். வீட்டுக் கதவு வெளிப்பக்கம் திறந்தால் என்ன, நல்லதுதானே என்று டிரில்லை எடுத்து அவனே முன்னே நின்றான். கீலைக் கழற்றி நிலையின் மறுபக்கத்தில் அடித்து, கதவை முன்வீட்டுப் பக்கம் திறக்கும்படி மாட்டினார்கள். தாழ்ப்பாளையும் பிடுங்கிவிட்டார்கள். காற்றுக்குக் கதவு தானாகத் திறந்துவிடாமலிருக்க, பாலகுரு கைப்பிடியில் கயிறு கட்டிக் கட்டில் காலோடு சேர்த்து முடிந்தான். நுனியை ஒரு இழு இழுத்தால் அவிழ்கிற முடிச்சு. பாண்டிச்செல்வி இழுத்துப் பார்த்தாள், அவிழ்ந்தது. தள்ளினாள், கதவு விரியத் திறந்தது. மறுபடி கட்டச் சொல்லி மறுபடி இழுத்துப் பார்த்தாள். இருட்டும் வரைக்கும் அதையே செய்துகொண்டிருந்தாள், பாலகுருவும் முகம் சுளிக்காமல் கட்டிக்கொடுத்தான். அந்த மனுஷனிடம் அது ஒரு குணம்.

கூரையையும் அவன் விடவில்லை. ஷீட்டுகளுக்கு மேல் மணல் மூட்டை வைத்து, கயிற்றைக் குறுக்கே போட்டு, கீழே கூரைச் சட்டத்தோடு சேர்த்து லோடு கட்டுவதுபோல இறுக்கினான். இதில் மூக்கும் வாயும் இல்லையே என்று மனைவியிடம் கேட்டுக்கொண்டுதான் கட்டினான்.

மறுநாள் மதியத்துக்குமேல் காற்று கிளம்பியது. பாண்டிச்செல்வியே ஏசியை நிறுத்தினாள். பாலகுரு மெயினை இறக்கினான். வேப்பமரம் ஒரு பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து எழுந்தது. முன்வாசலை அடைத்தார்கள். அறைக்குள் போனார்கள். அறையில் ஒரே ஜன்னல், அதுவும் உச்சியில் திறக்காத கண்ணாடி. பாலகுரு கதவை இழுத்து முடிச்சைப் போட்டு, கயிற்று நுனியை அவள் கையில் கொடுத்தான்.

அவள் கட்டில் நுனியில் உட்கார்ந்தாள். எழுந்து ஓடத் தோன்றியதும் கயிற்றைப் பார்த்தாள். இழுத்தால் திறக்கும். இழுத்தால் திறக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, இழுக்காமல் இருந்தாள். வெளியே ஊளையிட்டது. மகள் போன் பண்ணினாள், உள்ளேதான் இருக்கிறேன் என்று அவளிடம் சொன்னபோது குரல் நன்றாகவே இருந்தது. சாத்திய கதவுக்குள் இவ்வளவு நேரம் இருந்துவிட்டோமே என்று அவளுக்கே நம்பிக்கை வரவில்லை. கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது.

அப்புறம் கூரை போனது. அந்தச் சத்தம் தலைக்கு மேலே இல்லை, கதவுக்கு அந்தப் பக்கம் கேட்டது. ஷீட்டுகள் பறக்கவில்லை. பாலகுருவின் கட்டு அப்படிப்பட்ட கட்டு, ஒன்றைக்கூட விட்டுக்கொடுக்காது. சட்டம், ஷீட், மணல் மூட்டை எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து முன்வீட்டுக்குள் இறங்கிவிட்டன.

பாண்டிச்செல்வி கயிற்றை இழுத்தாள். முடிச்சு அவிழ்ந்தது. எழுந்து கதவைத் தள்ளினாள். இரண்டு விரல் அகலம் திறந்து நின்றது. தோளைக் கொடுத்து மோதினாள். அசையவில்லை. இடுக்கில் பார்த்தால் சட்டம் ஒன்று கதவின்மேல் சாய்ந்து, அதன்மேல் உடைந்த ஷீட்டும் மூட்டைகளும் கிடந்தன. பழையபடி உள்ளே திறக்கிற கதவாக இருந்தால் இழுத்துத் திறந்து, சட்டத்துக்கு அடியில் குனிந்து வந்திருக்கலாம். திருப்பி மாட்டிய யாருக்கும் அது தோன்றவில்லை. கம்பெனிக் கதவு எதுவும் புயலுக்கு மாட்டியதில்லையே.

பாலகுரு கதவில் உதைத்தான். இடுக்கில் வாயை வைத்து, யாராவது வாங்களேன் என்று கத்தினான். அவனுக்கு அழுகை வந்துவிட்டது. அவளை இந்த அறைக்குள் கூட்டிவந்து உட்கார வைத்தது தான்தான் என்று அவன் நெஞ்சு அறுத்தது. அவள் கதவை ஒட்டித் தரையில் உட்கார்ந்திருந்தாள்.

"கத்தாதீக," என்றாள். "யாரும் வர மாட்டாக. அன்னைக்கு நானும்தான் கத்தினேன். பேரைச் சொல்லிச் சொல்லிக் கூப்பிட்டேன். எல்லாரும் வேலிக்கு அங்கிட்டுப் புளிய மரத்துக்கிட்ட நிக்காக, எனக்குத் தெரியுது. சுவரு விழுந்துச்சு, அந்த வழியா நானாத்தான் ஊர்ந்து வந்தேன்."

பாலகுரு கதவை விட்டுவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். இத்தனை நாளில் இதை அவள் சொன்னதில்லை. மதுரை ஆஸ்பத்திரியிலும் சொன்னதில்லை, போலீஸிலும் சொன்னதில்லை. சொல்ல என்ன இருக்கிறது? ஒரு அறை வெடித்தால் அடுத்த அறையும் வெடிக்கும், ஓடத்தான் வேண்டும், திரும்பிப் பார்க்கக் கூடாது. ஓடியவர்கள்மேல் குற்றமில்லை. தானாக இருந்தாலும் ஓடித்தான் இருப்பேன் என்று அதையும் அவளே சொன்னாள். ஆனால் கதவு சாத்தினால் அவள் காதில் கேட்பது வெடிச்சத்தம் இல்லை. கூப்பிட்டுக் கூப்பிட்டு யாரும் வராத அந்தச் சத்தமில்லாமைதான் கேட்கும்.

காற்று இன்னும் நின்றபாடில்லை. மழை இடுக்கு வழியாக உள்ளே சிதறியது. அந்த இரைச்சலுக்கு நடுவில் ஷீட் துண்டை யாரோ இழுத்து எறிகிற ஓசை கேட்டது. முதலில் காற்று என்றுதான் நினைத்தார்கள். மறுபடி கேட்டது. ஒரு துண்டு, பிறகு இன்னொரு துண்டு.

"பாண்டி, உள்ள இருக்கியாடி?"

சோலையம்மாளின் குரல். பாலகுரு கதவிடுக்கில் பாய்ந்து, மதினி, காற்று நிற்கட்டும், வீட்டுக்குப் போங்கள், ஷீட் பறந்தால் ஆளை அறுத்துவிடும் என்று சத்தம் போட்டான். அவள் அவனுக்குப் பதில் சொல்லவில்லை. மணல் மூட்டை ஒன்றைப் புரட்டி உருட்டும் சத்தம் கேட்டது. மூச்சு வாங்கினாள். இடுக்கில் அவள் கை தெரிந்தது, பிறகு நனைந்த முகம் தெரிந்தது. தெருவைப் பார்க்காமல் நேராக உள்ளே பார்த்தாள்.

"பாண்டி, நான் வந்துட்டேன்டி. அன்னைக்கு நீ கூப்பிட்டது எனக்குக் கேட்டுச்சு. கேட்டுக்கிட்டேதான் ஓடுனேன். இன்னைக்கு ஓட மாட்டேன், இங்கனதான் நிக்கேன்."

அழுதுகொண்டேதான் சொன்னாள். பாண்டிச்செல்வி இடுக்கில் கையை விட்டு, அந்த ஈரக் கையைப் பிடித்துக்கொண்டாள். ஒட்டுத் தோல் கை, அதைத் தொட்டுக்கூடப் பார்த்திராதவள் அதை இறுக்கிப் பிடித்தாள். அப்புறம் சோலையம்மாள் கையை விடுவித்துக்கொண்டு அடுத்த மூட்டைக்குக் குனிந்தாள். கீழே கிடந்த கூரைக் கொக்கிகளுக்கு நடுவில் அவள் வெறுங்காலோடு நிற்பது இடுக்கு வழியாகத் தெரிந்தது.

"செருப்பு போடாம வந்திருக்கா பாருங்க இவ," என்றாள் பாண்டிச்செல்வி புருஷனிடம். பிறகு இடுக்கின் பக்கம் திரும்பி, "ஏடி சோலை, காலைப் பாத்து வையி. ஒண்ணும் அவசரமில்ல, சாவகாசமா எடு. நான் நல்லாத்தான் இருக்கேன்," என்றாள்.